ஷூ பெட்டியின் மேல் குதிகால் உயரத்தை எழுதினால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், மலைப்பாதைகளில் ஓடுபவர்களுக்கான ஷூக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மதுரையில் காலை ஓட்டம் என்றாலே ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றி வருவதுதான் என்றிருந்த நிலை மாறி, நாகமலைக் கரட்டிலும் சமணர்மலைப் பக்கத்திலும் அழகர்மலை அடிவாரத்திலும் ஓடுபவர்களைக் காண முடிகிற இந்நாளில் அப்படியொரு கட்டுரை வந்தது பொருத்தமே. ஆனால் அதில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதே குழப்பத்தால் நான் ஐந்து மாதம் ஓட முடியாமல் வீட்டில் இருந்தவன் என்பதால், சற்று நீளமானாலும் பொறுத்தருள வேண்டி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரை 'ஜீரோ டிராப்' என்பதைக் 'குஷன் இல்லாத ஷூ' என்று விளக்குகிறது. அது சரியன்று. டிராப் என்பது, ஷூவுக்குள் குதிகால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, முன்பாதம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வழக்கமான ஓட்ட ஷூக்களில் இது 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும், இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் ஜீரோ டிராப். குஷன் என்பது அடிப்பாகத்தின் தடிமனையும் மென்மையையும் பொறுத்தது. மொட்டை மாடித் தளத்தைக் கொத்தனார் தடிமனாகவும் போடலாம், மெல்லியதாகவும் போடலாம். அதற்கு வாட்டம் விடுவது தனி வேலை. ஷூவிலும் அப்படித்தான்.

கடையில் கிடைப்பவற்றைக் கொண்டே இதைச் சொல்லலாம். ஆல்ட்ரா நிறுவனத்தின் லோன் பீக் ஷூவுக்கு டிராப் கிடையாது. ஆனால் காலுக்கும் தரைக்கும் நடுவே சுமார் 25 மி.மீ. இருக்கிறது. நியூ பேலன்ஸின் மினிமஸ் 10 மெல்லிய ஷூ என்று பெயர் வாங்கியது. ஆனாலும் அதில் 4 மி.மீ. டிராப் உண்டு. மெரெல் நிறுவனத்தின் டிரெயில் கிளவ் ஷூவில்தான் டிராப் இல்லாமையும் குறைந்த தடிமனும் சேர்ந்து வருகின்றன; அதன் மொத்த உயரம் ஏறக்குறைய 14 மி.மீ. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில், ஒரே பெயரின் கீழ் வைத்தால் வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று அறியாமலே வாங்குவார்.

இது வெறும் சொல் விவகாரமாக இருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். குதிகால் 10 மி.மீ. உயர்ந்தே இருக்கும்போது கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் சற்றுத் தளர்ந்த நிலையிலேயே வேலை செய்கின்றன. அந்த உயரத்தை எடுத்துவிட்டால் ஒவ்வோர் அடியிலும் அவை கூடுதலாக இழுபடுகின்றன; மேடேறும்போது இன்னும் அதிகமாக. மெல்லிய அடிப்பாகம் செய்வது வேறொன்று. குதிகாலை ஓங்கிப் பதித்தால் வலிக்கும் என்பதால், ஓடுபவர்களில் பலர் தம்மை அறியாமலே முன்பாதத்தில் இறங்கத் தொடங்குகிறார்கள். அப்போது முழங்காலுக்குப் போகும் சுமை குறைகிறது. கெண்டைக்காலுக்கும், விரல்களுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்புகளுக்கும் போகும் சுமை கூடுகிறது. பாரம் தோள் மாறுகிறதே தவிர இறங்கிவிடுவதில்லை. ஜீரோ டிராப்பும் குறைந்த குஷனும் ஒரே ஷூவில் வரும்போது இரண்டு மாற்றங்களும் ஒரே நாளில் காலின் மேல் வந்து விழுகின்றன.

என் கதை இதுதான். செக்கானூரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பத்தாம் வகுப்பு முடியும்வரை செருப்பில்லாமல் திரிந்தவன் நான். என் தந்தையார் ஆயுள் முழுவதும் டயர் செருப்புத்தான் அணிந்தார். அதில் டிராப் ஏது, குஷன் ஏது. பிறகு அலுவலக வேலைக்கு வந்து, குதி உயர்ந்த தோல் ஷூவில் 25 ஆண்டுகள் கழிந்தன. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியபோதும் தடித்த குஷன் ஷூவில்தான் ஓடினேன். மூன்றாண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு கடையில், "வெறுங்கால்ல நடக்கிற மாதிரியே இருக்கும் சார், நம்ம ஊருக் காலுக்கு இதுதான் செட் ஆகும்" என்று சொல்லி, தட்டையான மெல்லிய டிரெயில் ஷூ ஒன்றை விற்றார்கள். டிராப் எவ்வளவு, தடிமன் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறே அதைப் போட்டுக்கொண்டு நாகமலை அடிவாரத்தில் 8 கி.மீ. ஓடினேன். ஓடும்போது இருந்த சுகத்தைச் சொல்லி மாளாது. சிறுவயதுக் கால் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாவது வாரம், காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்குப் பின்னால் நெருப்பு வைத்தாற்போல் வலித்தது. ஐந்தாவது வாரம் பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாம் விரலுக்குப் பின்னே வீக்கம். எலும்பில் மயிரிழை விரிசல் தொடங்கியிருக்கிறது, ஓட்டத்தை நிறுத்துங்கள் என்றார் மருத்துவர்.

ஓய்வில் இருந்த நாட்களில் ஒருமுறை, கோரிப்பாளையத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் தூக்கிப்போட இருந்த என் பழைய குஷன் ஷூவைக் கொடுத்து, அடிப்பாகத்தின் உயரத்தை அளந்து தர முடியுமா என்று கேட்டேன். அவர் உள்ளட்டையின் மேலிருந்து ஊசியைக் குத்தி, அது அடியில் எட்டிப் பார்த்த இடத்தில் நகத்தால் பிடித்து, ஸ்கேலில் வைத்துக் காட்டினார். குதிகாலில் 31 மி.மீ.; முன்பாதத்தில் 20 மி.மீ. அதாவது 11 மி.மீ. டிராப்பிலும் 31 மி.மீ. உயரத்திலும் பழகிய காலை, ஒரே வாரத்தில் அந்தத் தட்டை ஷூவில் இறக்கி ஓட வைத்திருக்கிறேன். பழுது ஷூவில் இல்லை; அந்த இரண்டு எண்களையும் வாங்குவதற்கு முன் நான் அறியாததுதான் பழுது.

இதையொட்டி, தங்கள் கட்டுரையில் வரும் "நம் முன்னோர் வெறுங்காலில் நடந்தவர்கள், ஆகவே இவ்வகை ஷூ நமக்கு இயல்பானது" என்ற வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்திய எலும்பு மருத்துவர்கள் இருவர் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும், அணியாத குழந்தைகளில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது தெரிந்தது. காலணி பாதத்தின் வடிவையே மாற்றக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் முன்னோரின் பாதம் நமக்குச் சொத்தாக எழுதி வைக்கப்படவில்லை. இருபது முப்பது ஆண்டுகள் உயர்ந்த குதியில் நின்ற காலின் நாண், இன்றைய நாணாகத்தான் வேலை செய்யும். அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐவிரல் ஷூ எனப்படும் மிக மெல்லிய ஷூவுக்குப் 10 வார காலத்தில் மாறியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பழைய ஷூவிலேயே ஓடியவர்களைவிட அதிகம் பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர் கோத்திருந்தது. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்புக்கு அதைவிட அதிக காலம் வேண்டும்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அபெபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் வென்றதைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அதே பிகிலா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷூ அணிந்து ஓடி, முன்னைவிடக் குறைந்த நேரத்தில் வென்றார் என்பதையும் சேர்த்திருக்கலாம். மெல்லிய ஷூ காயத்தைத் தடுக்கும் என்ற வாக்கியத்துக்கும் ஒரு திருத்தம் உண்டு. அப்படிப் போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், ஐவிரல் ஷூவைத் தயாரித்த வைப்ரம் நிறுவனம் 2014-ல், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது. அதற்காகத் தடித்த குஷன்தான் பாதுகாப்பு என்றும் முடிவுகட்ட இயலாது. லக்சம்பர்க்கில் 553 பேருக்கு 10, 6, 0 மி.மீ. டிராப் கொண்ட ஷூக்களைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. மொத்தத்தில் காயத்தில் வேறுபாடு இல்லை. பிரித்துப் பார்த்தால், எப்போதாவது ஓடுபவர்களுக்குக் குறைந்த டிராப்பில் காயம் குறைவாகவும், விடாமல் ஓடிவருபவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. பழகிய காலுக்குத்தான் மாற்றம் கடினம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இன்று நான் ஓடுவது குறைந்த குஷனும் ஜீரோ டிராப்பும் கொண்ட ஷூவில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உருளும் கல்லும் மேடுபள்ளமும் நிறைந்த கரட்டுப் பாதையில் அதற்கு இணையில்லை. உயரமான அடிப்பாகத்தில் நிற்கும் கால், ஓரமாக ஒரு கல்லில் பட்டால், அந்த உயரமே நெம்புகோலாகி கணுக்காலைப் புரட்டிவிடுகிறது. தரைக்கு அருகில் இருக்கும் கால் கல்லை உணர்ந்ததுமே சுதாரித்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஷூவை நம் ஊர்த் தரைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பரிந்துரைகள் பெரும்பாலும் சேற்றையும் ஈரப் புல்லையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கு முதல் எதிரி முள்.

சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய்க்கரை மதுரை வட்டாரத்தில் எங்கே இருக்கிறது? காய்ந்து விழுந்த அதன் முள் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்து நேராகக் காலுக்கு வந்துவிடும். தடித்த குஷனில் அது உடனே காலைத் தொடாது. உள்ளேயே ஒடிந்து தங்கி, ஒவ்வோர் அடிக்கும் சிறிது சிறிதாக மேலேறி, இரண்டு நாள் கழித்துக் குத்தும். ஆகவே மெல்லிய ஷூ வாங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது, அடிப்பாகத்தின் நடுவே ராக் பிளேட் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா என்பது. கூர்கல்லின் குத்தைப் பரப்பிவிடுவதற்காக வைக்கப்படுவது அது. நமக்கு முள்ளுக்கும் உதவுகிறது. பல ஷூக்களில் அது முன்பாதத்துக்கு மட்டுமே இருக்கும். இரண்டாவதாக, அடியில் ரப்பர் முழுவதும் பரவியிருக்க வேண்டும். எடையைக் குறைப்பதற்காக ரப்பரை அங்கங்கே மட்டும் ஒட்டி, இடையில் குஷனைத் திறந்தபடி விடும் ஷூக்களில், முள் திறந்த இடத்தைத் தேடி வருவது போலவே வந்து ஏறும். மேல்துணியும் நெருக்கமான நெசவாக இருப்பது நல்லது. அகன்ற கண்ணுள்ள வலைத்துணியில் நெருஞ்சியும் புல்லரிசியும் புகுந்து காலுறையில் தைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நெருங்கிய நெசவு புழுங்கத்தான் செய்யும். முள்ளுக்கு அந்தப் புழுக்கம் மேல். எந்த ஷூ வாங்கினாலும் இடுப்புப் பையில் ஒரு முள்வாங்கி இருக்கட்டும். என் மனைவியார் தம் சாவிக்கொத்திலிருந்த முள்வாங்கியை எனக்குக் கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

அடுத்தது ரப்பரின் பல். சேற்றுக்கான ஷூக்களில் பற்கள் 5, 6 மி.மீ. உயரம் இருக்கும். நாகமலையின் சரளைக்கும் சமணர்மலையின் வெறும் பாறைக்கும் 3 முதல் 4 மி.மீ. போதும். பாறையில் பிடிப்புத் தருவது பல்லின் உயரமன்று. மென்மையான ரப்பர் எவ்வளவு பரப்பில் பாறையைத் தொடுகிறது என்பதே. மேலும், மெல்லிய ஷூவில் உயரமான பற்கள் இருந்தால், கட்டாந்தரையில் ஓடும்போது ஒவ்வொரு பல்லும் உள்ளங்காலில் உறுத்தும்; தடித்த ஷூவில் இந்தத் தொல்லை தெரியாது. மழைக்காலத்தில் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் ஓட நினைப்பவர்களுக்கு மட்டும் என்னிடம் ஆலோசனை இல்லை. கரிசல் சேறு எந்தப் பல்லையும் மதிப்பதில்லை. நூறு அடி ஓடுவதற்குள் ஷூ ஒன்று அரைக் கிலோ ஆகிவிடும். ஓட்ட ஷூவின் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 1 சதவீதம் கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கரிசலில் ஓடினால் அதை ஆய்வுக்கூடம் இல்லாமலே உணரலாம்.

அளவு பற்றி. சிறுவயதில் செருப்பில்லாமல் வளர்ந்தவர்களுக்கு விரல்கள் விரிந்து முன்பாதம் அகன்றிருக்கும். கடையில் 9-ஆம் எண் என்று கேட்டு வாங்கினால் நீளம் சரியாக இருந்து, சுண்டுவிரல் நசுங்கும். குஷன் குறைந்த ஷூவில் விரல்கள் விரிந்து தரையைப் பற்ற வேண்டும் என்பதால் இது மற்ற ஷூக்களைவிட இதில் முக்கியம். முன்பெல்லாம் செருப்பு தைக்கக் கொடுத்தால் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்வார்களே, அதையே செய்யலாம். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தங்கள் நாளிதழின் ஒரு பக்கத்தை விரித்து அதன்மேல் நின்று இரண்டு பாதங்களையும் வரைந்து, வெட்டி, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தால், காகிதம் எங்கே வெளியே வழிகிறதோ அங்கேதான் பிற்பாடு கொப்புளம் வரும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல்நுனி மோதி நகம் கறுத்துவிடும்.

கடையில் நின்றே டிராப்பை ஓரளவு கணிக்கவும் முடியும். ஷூவின் வெளிச்சுவரைப் பார்த்து ஏமாறக் கூடாது. பல ஷூக்களில் பாதம் அந்தச் சுவருக்குள் தாழ்ந்து இறங்கி நிற்கும். கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை அடியிலும் வைத்து, முதலில் குதிகாலிலும் பிறகு விரல்களின் அடி விழும் இடத்திலும் கிள்ளிப் பார்த்தால், 10 மி.மீ. வித்தியாசம் கைக்கே தெரியும். உள்ளட்டையைச் சேர்த்தும் எடுத்துவிட்டும் பாருங்கள். அதுவே சில மில்லிமீட்டர் தடிமனைக் கூட்டும்.

வாங்கிய பின் பழகும் முறையில் அவசரம் கூடாது என்பதை நான் விலை கொடுத்துக் கற்றேன். இரண்டாம் முறை, முதல் மாதம் முழுவதும் அதைப் போட்டுக்கொண்டு நடக்க மட்டும் செய்தேன். அடுத்த மாதம் வாரம் இருமுறை, செம்மண் கண்மாய்க்கரையில் ஒவ்வொரு கிலோமீட்டர். மற்ற நாட்களில் 6 மி.மீ. டிராப் உள்ள வேறொரு ஷூ. வீட்டு மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சி அன்றாடம். பழைய தூரத்துக்குத் திரும்ப ஏழு மாதமாயிற்று. பணம் செலவழிக்கும் முன் காலைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள், பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் ஒரு மாதம் நடந்து பார்க்கலாம். தட்டையும் மெல்லிசுமான ஷூ அதுவும்தான். விரலிடம் குறுகல், அடியில் பிடிப்பும் இல்லை என்பதால் மலைக்கு மட்டும் ஆகாது.

நீரிழிவால் பாதத்தில் மரத்த உணர்வு உள்ளவர்கள் இவ்வகை ஷூவைத் தவிர்க்க வேண்டும். மெல்லிய ஷூவின் பயனே தரையை உணர்வதில் இருக்கிறது. உணர்ச்சி குறைந்த காலில் ஏறிய முள் தெரியாமலே புண்ணாகிவிடும். தங்கள் கட்டுரையில் இந்த எச்சரிக்கை இடம்பெறாதது பெரிய விடுதல்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஜீரோ டிராப் என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தை அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டும்; இனி எந்த ஓட்ட ஷூவைப் பற்றி எழுதினாலும் விலைக்குப் பக்கத்திலேயே குதிகால் உயரம், முன்பாத உயரம், எடை ஆகிய மூன்று எண்களையும் அச்சிட வேண்டும். மதுரையிலுள்ள விளையாட்டுப் பொருள் விற்பனையாளர்களும் இதே மூன்று எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டலாம். நிறுவனங்கள் பல இவற்றைத் தங்கள் விவரக் குறிப்பில் தருகின்றன. பார்த்து எழுத ஷூ ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகாது. சென்ற மாதம் நான் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரு கடைக்காரர் தம் அலமாரியில் இருந்த ஆறு ஷூக்களுக்கு அப்படி எழுதி ஒட்டியிருக்கிறார். அவற்றில் தட்டை ஷூ என்று அவர் இதுவரை விற்றுவந்த இரண்டுக்கு 4 மி.மீ. டிராப் இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.